முகவரி இல்லாத கல்

1865 ஆகஸ்ட் 25. பீகாரில் ஷெர்காட்டி ஊர்ப்பக்கம் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்தது. சுமார் 5 கிலோ. அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

1911-இல் எகிப்தின் நக்லாவிலும் இதே இனத்துக் கற்கள் விழுந்தன. அதிலொன்று நாயைச் சாம்பலாக்கிவிட்டதாம். ஆதாரம் கிடையாது, ஆனால் கதை மட்டும் சாகவே இல்லை.

வயதைக் கணக்கிட்டபோதுதான் சந்தேகம் வந்தது. மற்ற விண்கற்களுக்குப் பெரும்பாலும் 450 கோடி ஆண்டு. நக்லாவுக்கு 130 கோடிதான். இரண்டுமே எரிமலைக் குழம்பு இறுகிய பாறைகள். சிறுகோள்கள் என்றோ ஆறிப்போனவை. அப்படியென்றால் இந்தக் குழம்பு எங்கே கொதித்தது?

சாட்சி சொன்னது காற்று. அண்டார்டிகா பனியில் கிடைத்த இதே இனத்துக் கல்லொன்றின் கண்ணாடித் துளிகளுக்குள் கொஞ்சம் வாயு சிக்கியிருந்தது. 1983-இல் போகார்டும் ஜான்சனும் அதை அளந்தார்கள். 1976-இல் வைக்கிங் கலங்கள் செவ்வாயில் அளந்த காற்றோடு அது ஒத்துப்போனது!

ஊர் தெரிந்துவிட்டது, தெருதான் தெரியவில்லை. 1997-இல் செவ்வாயை அடைந்த மார்ஸ் குளோபல் சர்வேயர், தரை வெளிவிடும் வெப்பத்தின் நிறமாலையை வைத்துக் கனிமங்களை அடையாளம் கண்டது. ஆனால் செவ்வாயின் பெரும்பகுதியைத் தூசி மூடியிருக்கிறது. அங்கே கருவி படிப்பது பாறையை அல்ல, தூசியைத்தான்.

கல் கிளம்பிய பள்ளம் உறுதியானால், கல்லின் வயதே அந்த நிலத்தின் வயது. பள்ளங்களை எண்ணிப் போட்ட செவ்வாயின் காலக்கணக்கைச் சரிபார்த்துவிடலாம். சில பள்ளங்களைச் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அடித்துச் சொல்ல இன்னும் யாருமில்லை.