ஈரடியும் இருகுழலும்

முன்னுரை

ஓர் இனத்தின் வரலாற்றை அதன் நூல்களில் மட்டுமன்றி, அதன் கைகளில் இருந்த கருவிகளிலும் காணலாம். ஏரும் உலக்கையும் யாழும் வில்லும் தமிழர் வாழ்வைச் சொல்வது போலவே, பிற்காலத்தில் கடல்வழி வந்த துப்பாக்கியும் இம்மண்ணின் கதையில் ஒரு பகுதியைச் சொல்லும். புறநானூற்றில் வன்பரணர் வல்வில் ஓரியைப் பாடுகிறார். ஒரே அம்பு யானையை வீழ்த்திப் புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, புற்றில் கிடந்த உடும்பில் சென்று தைத்த திறம் அங்கே வியந்து பேசப்படுகிறது. ஐந்து அம்புகளால் ஐந்து உயிர்களைக் கொன்றிருந்தால் அது வெறும் வேட்டை. ஒரே அம்பால் நிகழ்ந்தமையால் அது பாட்டாயிற்று. அளவு சுருங்கச் சுருங்கத் திறம் பெருகும் என்னும் எண்ணம் தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று.

விரைவும் வசதியும் மிக்க புதிய துப்பாக்கிகள் வந்த பின்னரும், நூறாண்டுப் பழமையுடைய இரட்டைக்குழல் துப்பாக்கியை விளையாட்டுச் சுடுநர் பலர் போற்றுவது ஏன்? அவ்விருப்பம் தக்கதுதானா? இவ்விரு வினாக்களுக்கும் வரலாற்றின் துணைகொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

துப்பாக்கி என்பது துருக்கிய மொழிவழி வந்து தமிழில் வேரூன்றிய சொல். ஈழத்தமிழர் துவக்கு என்பர். இரண்டு குழல்களைக் கிடையாக, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பொருத்தியதே இங்குப் பேசப்படும் பழைய இரட்டைக்குழல். ஒன்றன்மேல் ஒன்றாகக் குழல்களை அடுக்கிய வகை பின்னர்ப் பெருவழக்காயிற்று. மக்கள் பேச்சில் இரண்டுமே 'டபுள் பேரல்'தான்.

இத்துப்பாக்கி ஒற்றைக் குண்டைச் செலுத்துவதற்காக அமைந்ததன்று. தோட்டாவினுள் அடைத்த சிறு ஈய ரவைகளைச் சிதறச் செலுத்திப் பறக்கும் இலக்கை எட்டுவதற்காக அமைந்தது. 'பன்னிரண்டு போர்' என்று வழங்கும் அளவுக்கு ஒரு கணக்குண்டு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்று குழலின் உள்விட்டத்துக்குப் பொருந்தும். அவ்விட்டம் ஏறத்தாழ 18.5 மி.மீ. ஆகும். எனவே எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும். இருபது போர் பன்னிரண்டு போரைவிடச் சிறியது.

இரு நாட்டார் செய்த ஒரு கருவி

குழலின் வாய்வழியாக மருந்தும் ரவையும் இட்டு, கோலால் கெட்டித்துச் சுட்ட காலத்தில், இரண்டு நீண்ட குழல்களைச் சேர்த்தால் தோள் தாங்காத சுமையாயிற்று. 1787இல் இலண்டன் கைவினைஞர் என்றி நாக், மருந்து விரைந்து எரியும்படி குழலின் அடிப்பகுதியைத் திருத்தியமைத்துக் காப்புரிமை பெற்றார். மருந்து விரைந்து எரியவே, நீண்ட குழலின் தேவை குறைந்தது. குழல் குறுகவே, இரட்டைக்குழல் தூக்கத்தக்கதாயிற்று. 1806இல் ஜோசப் மாண்டன் இரு குழல்களுக்கும் நடுவே மேடான ஒரு பட்டையை அமைத்துக் குறிபார்க்கும் கோட்டைத் தெளிவாக்கினார். மாண்டன் குடும்பத்தாரின் பெயரில் 1825இல் கல்கத்தாவிலும் ஒரு துப்பாக்கிக் கடை தோன்றியது.

அடுத்த பெருமாற்றம் பிரான்சிலிருந்து வந்தது. 1830களில் பாரிசைச் சேர்ந்த கசிமிர் லெபோசு என்பார், குழல்கள் கீல்மேல் மடிந்து திறக்க, பின்புறமாகத் தோட்டாவை இடும் முறையை வகுத்தார். 1851இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் அது வைக்கப்பட்டபோது ஆங்கிலேயர் முதலில் ஐயுற்றனர்; பின்னர் அம்முறையையே தமதாக்கிக்கொண்டனர். 1875இல் பர்மிங்காம் நகரின் வெசுட்லி ரிச்சர்ட்சு பட்டறையில் ஆன்சன், டீலி என்னும் இருவர், வெளியே நீட்டிக்கொண்டிருந்த சுத்திகளைப் பொறியின் உள்ளேயே மறைத்தமைத்தனர். அதே காலத்தில் குழலின் வாயைச் சற்றே குறுக்கி ரவைகள் பரவும் எல்லையைக் கட்டுப்படுத்தும் முறையும் பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்னரே இக்கருவியின் வடிவம் நிறைவெய்திவிட்டது எனலாம். அதன்பின் வந்தவர் மெருகேற்றினரேயன்றி அடிப்படையை மாற்றவில்லை.

1761இல் ஆங்கிலேயர் புதுவையைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கினர். அந்தப் பகையின் இரு தரப்பினரும், ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்து, ஒரு கருவியை முழுமையாக்கியது எண்ணிப்பார்க்கத்தக்கது. போர்க்களத்தில் மோதிய நாடுகள் கொல்லன் பட்டறையில் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டன.

ஈர்ப்பின் காரணங்கள்

நல்ல பழைய இரட்டைக்குழல் ஏறத்தாழ மூன்று கிலோ எடையே இருக்கும். அந்த எடையும் இரு கைகளுக்கும் நடுவே திரண்டு நிற்பதால், தோளுக்கு உயர்த்துகையில் கருவி கண்ணின் போக்கைத் தானே பின்தொடர்வது போல எழும். இதற்கு இரண்டு விசைகள் உண்டு. முன்விசை பெரும்பாலும் வலக்குழலுக்கு, பின்விசை இடக்குழலுக்கு. வலக்குழல் ரவைகளை அகலப் பரப்பும். இடக்குழல் நெருக்கமாகச் செலுத்தும். அருகிலுள்ள இலக்குக்கு எது, தொலைவிலுள்ளதற்கு எது என்பதை விரலே நொடியில் தேர்ந்துகொள்ளும்.

மேலும், இது ஒருவர் உடலுக்கென்றே செய்யப்படுவது. தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பது போலக் கையின் நீளம், கழுத்தின் உயரம், தோளின் அகலம் ஆகியவற்றை அளந்து, வாதுமை மரக்கட்டையின் நீளத்தையும் வளைவையும் அமைப்பர். குழல் செய்பவர், பொறியை அரத்தால் இழைப்பவர், கட்டை பொருத்துபவர், பூவேலை செதுக்குபவர் எனப் பலர் கைபட்டு ஒரு துப்பாக்கி உருவாகும். இணைந்த இரு குழல்களும் குறித்த தொலைவில் ஒரே இடத்தைத் தாக்கும்படி சேர்ப்பது அவற்றுள் அரிய வேலை. வீணையின் மெட்டுகளைச் செவியால் அறிந்து பதிக்கும் தச்சரின் வேலைக்கு அதனை ஒப்பிடலாம்.

இவையெல்லாம் வெளிக்காரணங்கள். உட்காரணம் ஒன்றுண்டு. கையில் இருப்பவை இரண்டே வெடிகள். இரண்டும் தவறினால் இலக்கு போயிற்று. எனவே முதல் வெடிக்கே மனம் முழுமையாக ஒடுங்க வேண்டும். ஈரடியில் ஏழே சீர்களில் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க வேண்டிய குறள் வெண்பாவின் நிலையும் இதுவே. எட்டுச் சீர் கிடைத்திருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாம் என்று வள்ளுவரைப் பற்றி எவரும் எண்ணியதில்லை. எல்லையே அங்கு வலிமையாயிற்று.

இவ்விடத்து மறுப்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மேல்கீழாக அடுக்கிய குழல்கள் குறிபார்க்க ஒரே குறுகிய கோட்டைத் தருகின்றன. வெடிக்கும்போது ஏற்படும் உதைப்பும் பக்கவாட்டில் விலகாது நேராகத் தோளுக்கு வருகிறது. 1931இல் பிரௌனிங் வடிவமைத்த மேல்கீழ்த் துப்பாக்கி விற்பனைக்கு வந்தபின், போட்டிக் களம் மெல்ல அவ்வகைக்கு மாறிற்று. இன்றைய ஒலிம்பிக் போட்டியாளர் கையில் காணப்படுவதும் அதுவே. ஆகவே, பழைய இரட்டைக்குழலின் ஈர்ப்பு புள்ளிக் கணக்கில் இல்லை. அரிதானதை முயல்வதில் உள்ளது. முயலைக் குறிதவறாமல் எய்த அம்பினும், யானையை எறிந்து தவறிய வேலை ஏந்துவதே இனிது என்று படைச்செருக்கு அதிகாரம் உரைக்கும் கருத்து ஈண்டு நினைக்கத்தகும்.

வேடந்தாங்கல் எழுப்பிய வழக்கு

ஆனால் இந்த இனிமைக்கு விலை கொடுத்தவை பறவைகள். கருவியின் அழகை மட்டும் பேசி அந்த விலையைப் பேசாது விட்டால் வரலாறு நிறைவுறாது.

தமிழகத்தில் இவ்வழக்கு இருநூறாண்டுகளுக்கு முன்னரே எழுந்தது. செங்கற்பட்டுப் பகுதியின் வேடந்தாங்கல் ஏரிக்கு ஆண்டுதோறும் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடுகட்ட வருகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உழவர் அறிந்திருந்தனர். கும்பினிப் படைவீரர் பொழுதுபோக்காக அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் திரண்டு கலெக்டரிடம் முறையிட்டனர். 1798இல் கலெக்டர் லயனல் பிளேசு, அப்பறவைகளை எவரும் துன்புறுத்தலாகாது என ஆவணம் வழங்கினார். 1858இல் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் நோக்கத்தக்கது ஒன்று. வீரர்க்கு அப்பறவை இலக்கு. உழவர்க்கு அது விளைச்சல். ஒரே பறவையை இருவர் இருவேறு பொருளாகக் கண்டனர். துப்பாக்கி இல்லாதவர் சொல், துப்பாக்கி உடையவர் செயலை நிறுத்தியது.

சட்டமும் எல்லையும்

துப்பாக்கி உடையவர் யார், இல்லாதவர் யார் என்பதைப் பின்னர்ச் சட்டமே வகுத்தது. லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், இந்தியர் உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருத்தலைத் தடுத்தது, ஐரோப்பியர்க்கு விலக்களித்தது. சுடுதல் ஆள்வோரின் விளையாட்டாயிற்று. ஆளப்படுவோர்க்கு அது குற்றமாயிற்று.

புதுவையின் நிலை வேறு. உப்பளம் என்னும் பெயர் இம்மண்ணின் உப்புத் தொழிலை நினைவூட்டுவது. 1818ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, ஆண்டுக்கு நாலாயிரம் வராகன் இழப்பீடு பெற்றுக்கொண்டு பிரெஞ்சியர் உப்புக் காய்ச்சுவதை ஆங்கிலேயர்க்காக நிறுத்த இசைந்தனர். ஆங்கிலேயர் கை உப்பு வரை நீண்டது. எனினும் அவர்தம் ஆயுதச் சட்டம் புதுவை எல்லையோடு நின்றது. 1908இல் பாரதியாரும் 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் இங்கு அடைக்கலம் புகுந்தனர். 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் இங்கு ஐயரிடம் பயிற்சி பெற்றவன். அவன் ஏந்தியது கைத்துப்பாக்கி. வேட்டைக்குரிய இரட்டைக்குழல் அன்று. எனினும், சுடும் உரிமையை ஓர் இனத்தார்க்கே ஒதுக்கிய சட்டம் எத்தகைய மன எரிச்சலை வளர்த்தது என்பதை அந்நிகழ்ச்சி காட்டும்.

எல்லை மீறிய வேட்டை

இரண்டு வெடி என்னும் எல்லையைப் பணம் படைத்தோர் எளிதில் கடந்தனர். ஒரே அளவில் இரண்டு துப்பாக்கிகளை இணையாகச் செய்வித்து, ஒன்றால் சுடும்போது மற்றொன்றில் ஏவலர் தோட்டா இட்டுத் தரும் வழக்கம் பெருவேட்டைகளில் இருந்தது. 1938 நவம்பர் 12இல் வைசிராய் லின்லித்கோ பங்கேற்ற பரத்பூர் வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன. அக்கணக்கு அங்கே கல்லில் பொறிக்கப்பட்டும் உள்ளது. ஓரியின் ஒற்றை அம்புக்கும் இந்தக் கல்வெட்டுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. அடக்கம் கருவியில் இல்லை, ஏந்துபவன் மனத்தில்தான் உள்ளது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மண்தட்டும் மறுவாழ்வும்

1900இல் பாரிசு ஒலிம்பிக் விளையாட்டுகளின்போதுகூட உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டனர். அதற்கு மாற்று முன்னரே பிறந்திருந்தது. 1880இல் அமெரிக்கரான லிகோவ்சுகி, பொறியிலிருந்து வீசப்படும் மண்தட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1921இல் இங்கிலாந்து கூண்டுப் பறவைகளை விடுவித்துச் சுடுவதைச் சட்டத்தால் தடுத்தது. இன்று போட்டிகளில் வீசப்படும் தட்டு 110 மி.மீ. விட்டமும் ஏறத்தாழ 105 கிராம் எடையும் உடையது. 'மண்புறா' என்னும் பெயர் மட்டுமே பழைய பறவையை நினைவூட்டுகிறது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. உரிமம் பெற்று வேட்டையாட அதில் எஞ்சியிருந்த வழியையும் 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்தது. ஆயினும் குறிபார்க்கும் கலை அழியவில்லை. பிகானீர் அரச குடும்பத்துக் கர்ணிசிங் 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் மண்தட்டுச் சுடுதலில் பங்கேற்றார். 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபில் வந்த பிருதிவிராசு, 2023இல் காங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் குழுவில் ஒருவர். வேட்டையைப் பெருமையாகக் கருதிய அரச மரபுகளிலிருந்தே உயிர் வாங்காத குறிவன்மை வளர்ந்தது மகிழத்தக்கது.

பழைய இரட்டைக்குழலுக்கும் இதனால் மறுவாழ்வு கிட்டியது. மேலைநாடுகளில் அவ்வகைக்கெனவே தனிப் போட்டிகள் நடைபெறுகின்றன. ஆயினும் பழமைக்குரிய எச்சரிக்கை வேண்டும். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்த பழைய தமாசுக்கசுக் குழல்கள் கண்ணுக்கு அழகியவை. ஆனால் இன்றைய தோட்டாக்களின் அழுத்தத்தை அவை தாங்கும் என்று துணிதல் கூடாது. 65 மி.மீ. தோட்டாவுக்கான அறையில் 70 மி.மீ. தோட்டாவை இடுவதும் கேடு தரும். வல்லுநர் ஆராய்ந்து ஒப்பிய பின்னரே அவற்றைச் சுடலாம்.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் பொதுவாக வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மூன்று வைத்திருந்தவர், எதனை விடுவது என்று எண்ண வேண்டியவராயினர். விலை மிக்கதா, புதியதா, பாட்டனார் தோளுக்கு அளவெடுத்துச் செய்ததா என்னும் கேள்வி அங்கே எழும். கருவி ஒன்று வெறும் கருவியாக இல்லாமற்போவது அந்நேரத்திலேயே விளங்கும்.

முடிவுரை

பழைய இரட்டைக்குழலின் ஈர்ப்பு மூன்று நிலைகளில் அமைவதைக் கண்டோம். உடலோடு பொருந்தும் கைவினை முதலாவது. இரண்டே வெடிகள் என்னும் எல்லை இரண்டாவது. அரியதை முயலும் இன்பம் மூன்றாவது. இம்மூன்றும் பறவையின் குருதியை வேண்டுவன அல்ல. மண்தட்டு ஒன்றே போதும். அவ்வகையில் அவ்விருப்பம் தக்கதே. உயிரைக் குறிவைக்கும்போது அவ்வழகு பழியாகும் என்பதைக் கொல்லாமை அதிகாரம் கற்ற தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

புதுவைக்கு மேற்கே ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊசுட்டேரி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தமிழகப் பகுதியும் பின்னர் அந்நிலை பெற்றது. 1798இல் வேடந்தாங்கல் உழவர் கேட்டுப் பெற்ற உறுதி, இன்று நம் ஊர் ஏரிக்கும் கிடைத்துள்ளது. ஏரிக்கரையில் பறவையும், களத்தில் மண்தட்டும், கைவினையைப் போற்றுவோர் இல்லத்தில் பழைய இரட்டைக்குழலும் தத்தம் இடத்தில் இருப்பதே முறையாகும்.