15-ம் 26-ம்: கார்வேர் காரின் காற்றுக் கணக்கு

1959-இன் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செவ்ரோலே கார்வேர் என்ற சிறிய காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஞ்சின் பின்பக்கத்தில் இருந்ததால், வண்டியின் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் பின்சக்கரங்கள் மீதே இறங்கியது. இத்தகைய கார் வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்பகுதி வெளியே இழுத்துக்கொண்டு போகும். அதைத் தடுக்க நிறுவனம் டயர் காற்றை நம்பியது. டயர் சூடேறாத நிலையில் முன்னால் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு, பின்னால் 26 பவுண்டு காற்று இருக்க வேண்டும் என்று சொன்னது.

இயற்பியலின்படி இந்தக் கணக்கு சரிதான். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் வளைவில் அதிகம் நெளிவதால், ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்கு வண்டி திரும்பாது. முன்பக்கம் இப்படி மந்தமானால் பின்பக்கம் எளிதில் பிடி விடாது. ஆனால் பெட்ரோல் பங்கில் காற்று அடிப்பவர் கண்ணுக்கு 15 பவுண்டு டயர் பஞ்சரானது போலத்தான் தெரியும். நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அளவில் அடித்துவிட்டால் சமநிலை கெட்டது. கடுமையான திருப்பத்தில் வெளிப்பக்கப் பின்சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்க, பின்பகுதி மேலே எழும்பும். முன்பக்கத்தில், வண்டி சாய்வதைக் கட்டுப்படுத்தும் ஒரு சமநிலைத் தண்டு இந்த ஆபத்தைக் குறைத்திருக்கும். 1964 மாடலில்தான் அது எல்லாக் கார்வேர்களுக்கும் கிடைத்தது.

1965-இல் அமெரிக்க வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் கார்களின் பாதுகாப்புக் குறைகளைச் சாடி எழுதிய ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ நூலின் முதல் அத்தியாயமே கார்வேரைப் பற்றியதுதான். மறு ஆண்டு அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அக்காலத்து மற்றக் கார்களைவிடக் கார்வேர் மோசமில்லை என்று 1972-இல் அரசு ஆய்வு கூறியது. இருந்தாலும், உயிர் காக்கும் பொறுப்பைக் காற்று அடிப்பவர் கையில் விட்டது பெரும் பிழை.

காற்றழுத்தம் மீண்டும் தேசியப் பிரச்சினையானது 2000-இல். தன் எக்ஸ்ப்ளோரர் காரின் டயர்களுக்கு 26 பவுண்டு போதும் என்றது கார் நிறுவனமான ஃபோர்டு. 30 வேண்டும் என்றது அந்த டயர்களைத் தயாரித்த ஃபயர்ஸ்டோன். காற்று குறைந்த டயர் ஓட ஓட நெளிந்து சூடேறும். கோடை வெயிலில், அதிவேகத்தில், மேல்பட்டை உரிந்து வரும். தயாரிப்புக் குறையா, காற்றுக் குறைவா, காரின் வடிவமைப்பா என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று சாடின. ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. இப்படி டயர் உரிந்து நேர்ந்த விபத்துகளில் இறந்தவர்கள் 250-க்கும் அதிகம். அந்த நவம்பரிலேயே அமெரிக்க நாடாளுமன்றத்தின் புதிய சட்டம், குறைந்த காற்றைக் காட்டும் எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்க உத்தரவிட்டது. பரிந்துரைத்த அளவைவிடக் காற்று 25 சதவீதம் குறைந்தால் ஓட்டுநர் முன் விளக்கு எரிய வேண்டும் என்ற விதி, 2007 செப்டம்பர் முதல் தயாராகி அங்கு விற்கப்படும் எல்லாப் புதிய கார்களுக்கும் பொருந்துகிறது.