12 டொலர்

சிறுவர் உரிமை எண்டால் எங்களில் பலருக்கு ஞாபகம் வருவது ஒக்டோபர் முதலாம் திகதியும் ஒரு பேச்சுப்போட்டியும்தான். அதைக் கேட்டபிறகு சும்மா இருக்க முடியாமல் போன ஒரு பள்ளிக்கூடத்தின் கதை இது.

1994 டிசம்பரில், அமெரிக்காவின் குயின்சி நகரிலுள்ள புரோட் மெடோஸ் பள்ளிக்கு பாகிஸ்தானிலிருந்து இக்பால் மசீஹ் வந்தான். குடும்பம் வாங்கிய 600 ரூபாக் கடனுக்காக நாலு வயதில் கம்பளத் தறிக்கு அனுப்பப்பட்டு, பத்து வயதளவில் தப்பி வந்த பெடியன். தங்கட வயதுக்காரன் ஒருவன் இப்படி வாழ்ந்தானா எண்டு மாணவர்கள் திகைத்தார்கள். நாலு மாதம்தான். 1995 ஏப்ரல் 16இல் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். 12 வயது எண்டார்கள்.

அழுததோடு அந்த மாணவர்கள் நிற்கவில்லை. மற்றப் பள்ளிகளுக்கு மின்னஞ்சல் எழுதி, 12 டொலர் தரச்சொல்லிக் கேட்டார்கள். அவன் விலைபோனது ஏறக்குறைய 12 டொலருக்கு. செத்ததும் 12 வயதில். பல நாட்டுப் பிள்ளைகள் கொடுத்தார்கள். ஒரு லட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. பாகிஸ்தானின் கசூரில் அவன் நினைவாகப் பள்ளிக்கூடம் வந்தது.

ஒன்றைக் கவனியுங்கோ. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை பாகிஸ்தான் 1990இலேயே ஏற்றது. அமெரிக்கா இண்டைக்கும் ஏற்று உறுதிசெய்யவில்லை. கையெழுத்து இக்பாலைக் காக்கவில்லை. உறுதிசெய்யாத நாட்டுப் பிள்ளைகள் அவனுக்காக எழும்பினார்கள்.

இலங்கை 1991இல் ஏற்றது. எங்கட சந்திக் கடையில் கோப்பை கழுவுகிற பெடியனின் பெயர் எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?