புட்டியில் ஒளிந்திருந்த பொன்



தங்கம் துருப்பிடிப்பதில்லை. காற்றும் நீரும் அதைத் தீண்டுவதில்லை. பாட்டியின் தோடு பேத்தியின் காதிலும் மின்னுவது அதனால்தான். அத்தகைய தங்கத்தையும் கரைத்துவிடும் திராவகம் ஒன்று உண்டு. அது ஓர் அறிஞரை ஆபத்திலிருந்து காத்த வரலாற்றை இன்று கேட்போம்.

1940ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜெர்மானியப் படை டென்மார்க்கினுள் புகுந்தது. தலைநகர் கோப்பன்ஹேகனில் நீல்ஸ் போரின் ஆய்வுக்கூடம் இருந்தது. மேக்ஸ் வான் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் என்ற இரு ஜெர்மானிய விஞ்ஞானிகளின் நோபெல் தங்கப் பதக்கங்கள் அங்கே பாதுகாப்புக்காக வைக்கப்பட்டிருந்தன. ஹிட்லரின் ஆட்சியில் தங்கத்தை நாட்டைவிட்டு அனுப்புவது பெருங்குற்றம். பதக்கங்களிலோ பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன! ஃபிராங்க் முன்பே நாட்டைவிட்டு வெளியேறிவிட்டார். லாவே ஜெர்மனியிலேயே இருந்தார். பதக்கம் அகப்பட்டால் அவர் கதி என்ன?

அங்கே பணியாற்றிய ஹங்கேரி நாட்டு இரசாயன அறிஞர் ஹெவெசி, "புதைத்துவிடலாமா?" என்று கேட்டார். தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று போர் அஞ்சினார். பின்னர் ஹெவெசி பதக்கங்களை இராஜ திராவகத்தில் இட்டார்.

இராஜ திராவகம் என்பது ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கலவை. தனித்தனியே இவ்விரண்டும் தங்கத்தைக் கரைக்கமாட்டா. சேர்ந்தாலோ, நைட்ரிக் அமிலம் தங்கத்தைச் சிறிது சிறிதாகத் தாக்க, குளோரின் உடனே அதைப் பற்றிக்கொள்கிறது. இவ்வாறு தங்கக் குளோரைடுச் சேர்மம் உண்டாகிறது. கரைசலாக இருக்கையில் அது மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம். நீர் வற்றினால் மஞ்சள் படிகம். அப்படிகம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தோலில் பட்டால் ஊதாக் கறை படியும். மிகவும் சூடாக்கினால் குளோரின் பிரிந்து தங்கம் மிஞ்சும்.

படையினர் ஆய்வுக்கூடத்தைச் சோதனையிட்டனர். அலமாரியில் இருந்த கரைசலை எவரும் ஐயுறவில்லை. 1943இல் ஹெவெசி சுவீடனுக்குத் தப்பிச் சென்றார். போர் முடிந்து திரும்பியபோது, கரைசல் வைத்த இடத்திலேயே இருந்தது!

ரப்பர் பாலைப் பார்த்தால் உள்ளே ரப்பர் இருப்பது தெரியாது. அமிலம் ஊற்றினால் உறைந்து கட்டியாகிறது அல்லவா? அதுபோலவே, தகுந்த இரசாயனப் பொருளைச் சேர்த்தால் கரைசலிலிருந்து தங்கமும் பிரிந்து அடியில் படியும். அவ்வாறு மீட்கப்பட்ட தங்கம் 1950இல் சுவீடனுக்கு அனுப்பப்பட்டது. நோபெல் அறக்கட்டளை அதைக் கொண்டு பதக்கங்களை மீண்டும் வார்ப்பித்தது. 1952இல் ஃபிராங்க் தம் பதக்கத்தைத் திரும்பப் பெற்றார்.

பொறித்த பெயர் கரைந்தது. அதனால் பெயருக்குரியவர் பிழைத்தார். தங்கமோ உருவம் மாறியதே தவிர, ஒரு நாளும் தொலைந்துபோகவில்லை.