பட்டியலில் இருக்கும் 'திருப்புலி நாடு' தேடினால் வராதது ஏன்? ரெகுலர் எக்ஸ்பிரஷன் தரும் தீர்வு

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள ஊராட்சிகளில் ஒன்று திருப்புலி நாடு. நீளமான பயனாளிகள் பட்டியலில் இந்தப் பெயரைத் தேடினால், சில நேரம் 'ரிசல்ட் இல்லை'ன்னு வரும். உடனே பெயர் விடுபட்டுப் போச்சுன்னு முடிவு பண்ணிட வேண்டாம். 'திருப்புலி' ஒரு வரியின் கடைசியிலும், 'நாடு' அடுத்த வரியிலும் இருக்கலாம்.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்றால் என்ன?

சொல்லைத் தேடாமல், சொல்லின் அமைப்பைத் தேடும் முறை. கணிதவியலாளர் ஸ்டீபன் க்ளீனி 1951-ல் உருவாக்கிய கருத்து இது. 1968-ல் கென் தாம்சன் இதைக் கணினித் தேடலுக்குக் கொண்டுவந்தார்.

வரி உடைந்தால் என்ன செய்வது?

இரண்டு சொல்லுக்கும் நடுவே ஸ்பேஸ் போடாமல், பேக்ஸ்லாஷ், சின்ன எஸ், நட்சத்திரக் குறி (*) மூன்றையும் சேர்த்துப் போட வேண்டும். ஸ்பேஸ் இருந்தாலும், வரி மாறினாலும், 'திருப்புலிநாடு' என ஒட்டி இருந்தாலும் சிக்கிவிடும்.

பலர் குழம்பும் இடம்: 'மல்டிலைன்' ஆப்ஷன் வரிகளைச் சேர்க்காது. ^, $ குறிகளை ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் பொருந்த வைக்கும், அவ்வளவுதான். புள்ளி (.) வரி தாண்டிப் பொருந்த, பைத்தானில் 'டாட்ஆல்' ஆப்ஷன் தேவை. ஆனால் அதோடு .* போட்டால், பைலில் கடைசியாக வரும் 'நாடு' வரை அள்ளிக்கொண்டு வந்துவிடும். .*? போட்டால் முதல் 'நாடு'விலேயே நிற்கும்.

மாறி எதற்கு?

வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியா எழுதத் தேவையில்லை. முதல் சொல்லை மட்டும் மாறியில் வைத்து, ஒரே அமைப்பில் மாற்றி மாற்றிப் பொருத்தலாம். பெயரில் புள்ளியோ அடைப்புக்குறியோ இருந்தால், முதலில் 'எஸ்கேப்' செய்ய வேண்டும். இல்லையென்றால் அவை கட்டளையாகிவிடும்.

தமிழில் கூடுதல் கவனம்

யூனிகோடில் 'லி' என்பது ஒரு குறி அல்ல. 'ல'வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு. அதனால் லி, ளி இரண்டு எழுத்துப்பிழையையும் பிடிக்க [லிளி] உதவாது. திருப்பு(லி|ளி) என்பதே சரி.

இத்தனையும் பார்த்த பிறகும் வரவில்லை என்றால்தான், பட்டியலில் பெயர் இல்லையோ என்று சந்தேகப்படணும். ஸ்கேன் செய்த வெறும் படமாக இருந்தால் இந்தத் தேடல் நேரடியாக வேலை செய்யாது. கண்ணாலும் பார்த்துவிடுவது நல்லது.