விசில் யார் கையில்? அமெரிக்கச் சிறுநகரப் பள்ளிகளின் கால்பந்து வரலாறு



நினைவுச் சொற்பொழிவில் விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் மன்றத் தோழர்களில் சிலர் தயங்கினார்கள். நிலம், வன்கொடுமை, இடஒதுக்கீடு என்று பேச எவ்வளவோ இருக்கும்போது விளையாட்டு எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். என் அனுபவம் ஒன்றிலிருந்து பதிலைத் தொடங்குகிறேன்.

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது எங்கள் பள்ளிக் கபடி அணியில் ஏழு பேருக்கு ஐந்து பேர் சேரிப் பிள்ளைகள். பாடிப் போகிறவர்களும் நாங்கள், மடக்கிப் பிடிக்கிறவர்களும் நாங்கள். கேப்டன் மட்டும் ஊர்ப் பையன். வட்டாரப் போட்டியில் ஜெயித்து, கோப்பையோடு வேனில் திரும்பினோம். சேரி முனையில் வேன் நின்றது. நாங்கள் ஐந்து பேரும் இறங்கிக்கொண்டோம். கோப்பை ஊருக்குள் போனது. வரவேற்புக்கு அடித்த பறைச் சத்தம் சேரிவரை கேட்டது. அடித்தவர்கள் எங்கள் சித்தப்பாமார்தான்.

அன்று எனக்கு வருத்தம் இருந்தது, விளக்கம் இல்லை. பின்னாளில் சமூகவியல் படித்தபோது, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துச் சிறுநகரப் பள்ளிகளின் வரலாற்றில் அந்த விளக்கம் கிடைத்தது. அங்கிருந்து கற்றுக்கொள்வது நமக்குப் புதிதல்ல. மகாத்மா ஜோதிராவ் பூலே 1873இல் தம் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை ஒழிப்புக்குப் போராடிய அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். பாபாசாகேப் அம்பேத்கர் 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மும்பையில் எழுந்த தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரையே கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை இரவு

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் அல்ல. அணிக்குப் பதினோரு பேர். தலைக்கவசமும் தோள்காப்பும் அணிந்து, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியை முட்டி மோதிக் கடக்கும் ஆட்டம் அது. டெக்சஸின் சிறுநகரங்களில் வெள்ளிக்கிழமை இரவானால் ஊரே பள்ளி மைதானத்தில்தான் இருக்கும். நம் ஊர்த் தேர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வடம் பிடிப்பது, யாருக்கு முதல் மரியாதை, தேர் எந்தத் தெருவரை வரும் என்ற கணக்கெல்லாம் அங்கேயும் உண்டு.

இதற்கான பயிற்சி ஏழாம் வகுப்பில் தொடங்கிவிடுகிறது. பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. பல ஊர்களில் நடுநிலைப் பள்ளி அணி, உயர்நிலைப் பள்ளி அணியின் அதே நிறச் சீருடையை அணிந்து அதே ஆட்ட வியூகங்களைப் பழகுகிறது. உயர்நிலைப் பள்ளியின் தலைமைப் பயிற்சியாளரே ஏழாம் வகுப்புவரை எல்லா அணிகளுக்கும் பொறுப்பாளராக இருப்பது வழக்கம். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் நிற்க வேண்டும், யார் ஓட வேண்டும், யார் திட்டமிட வேண்டும் என்பதை அவர்தான் முடிவுசெய்கிறார். ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் என்ற இரு சமூகவியலாளர்கள் 1970இல் வெளியிட்ட ஆய்வு, தொழில்முறை அணிகளில் மைய இடங்கள் வெள்ளையருக்கும் ஓரத்து இடங்கள் கறுப்பினத்தவருக்கும் போவதைக் காட்டியது. மூளைக்கு ஓர் ஆள், உடம்புக்கு ஓர் ஆள். இந்தப் பிரிவினையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வியாழக்கிழமை இரவு

அந்த வெள்ளிக்கிழமை நீண்ட காலம் வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்ற 1896ஆம் ஆண்டுத் தீர்ப்பு, இனப் பிரிவினைக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. டெக்சஸ் மாநிலப் பள்ளிகளின் போட்டிகளை நடத்திய கழகம் வெள்ளையர் பள்ளிகளை மட்டுமே உறுப்பினராக்கியது. கறுப்பினப் பள்ளிகளுக்கென்று 1920இல் தனிக் கழகம் உருவானது. கறுப்பினக் கல்லூரியான பிரெய்ரி வியூவின் பெயரால் அது அறியப்பட்டது.

மைதானம் வெள்ளிக்கிழமை வெள்ளையர் பள்ளிக்கு என்பதால், கறுப்பினப் பள்ளிகள் புதன், வியாழன் இரவுகளில் ஆடின. மைக்கேல் ஹர்ட் இந்த வரலாற்றை எழுதி 2017இல் வெளியிட்ட நூலின் பெயரே ‘வியாழக்கிழமை இரவு விளக்குகள்’ என்று பொருள்படும். வெள்ளையர் பள்ளி கழித்துக்கட்டிய தலைக்கவசங்களும் சீருடைகளும்தான் இவர்களுக்கு வந்தன. பாடப்புத்தகங்களும் அப்படியே, பழையவை.

ஆனால் பற்றாக்குறையை மட்டும் பேசிவிட்டுப் போனால் அது பாதி வரலாறு. அந்தக் கழகம் கால்பந்தோடு தடகளம், பேச்சு, இசை என்று பல போட்டிகளையும் நடத்தியது. பயிற்சியாளர்கள் கோடையில் பிரெய்ரி வியூவில் கூடி ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டார்கள். தலைமை ஆசிரியர் கறுப்பினத்தவர், பயிற்சியாளர் கறுப்பினத்தவர், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் மைய இடத்தில் நின்றவனும் கறுப்பினப் பையன்தான். பிட்ஸ்பர்க் அணிக்காக நான்கு முறை தேசிய வாகை சூடிய ஜோ கிரீன், டெம்பிள் நகரத்தின் டன்பார் பள்ளியில் படித்தவர். அதே புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற கென் ஹூஸ்டன், லஃப்கின் நகரத்தின் டன்பார் பள்ளியில் படித்தவர். வறுமைக்கு நடுவிலும் அவை அவர்களுடைய நிறுவனங்கள். விசில் அவர்கள் கையில் இருந்தது.

இணைப்பு என்ற பெயரில்

1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது. மகத்தான தீர்ப்பு. அதை நடைமுறைப்படுத்தியவர்களோ பிரிவினையை நடத்திய அதே வெள்ளையர் பள்ளி வாரியத்தினர். மேற்கு டெக்சஸின் மிட்லண்ட் நகரில் தீர்ப்புக்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 1961இல் ஒரு புதிய உயர்நிலைப் பள்ளி திறந்தார்கள். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தளபதி ராபர்ட் லீயின் பெயரை அதற்கு வைத்தார்கள். அணியின் பெயர் ‘கலகக்காரர்கள்’. யாருடைய கலகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

1967இல் வெள்ளையர் கழகம் கறுப்பினப் பள்ளிகளுக்குக் கதவைத் திறந்தது. 1970இல் பிரெய்ரி வியூ கழகம் மூடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் பின்னரும் ஊர் ஊராக நடந்தது ஒன்றுதான்: இரண்டு பள்ளிகளை இணைக்க வேண்டும் என்றால் மூடப்பட்டது கறுப்பினப் பள்ளி. சில இடங்களில் அது நடுநிலைப் பள்ளியாகக் கீழிறக்கப்பட்டது. அணியின் பெயர், நிறம், பள்ளிப் பாட்டு எல்லாம் வெள்ளையர் பள்ளியுடையவையாகவே நீடித்தன. மாநில வாகை வென்ற கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர்கள் உதவிப் பயிற்சியாளர்களானார்கள். சிலர் ஏழாம், எட்டாம் வகுப்பு அணிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். கறுப்பினப் பள்ளிகளின் கோப்பைகள் குப்பைக்குப் போன கதைகளைத் தெற்கு முழுவதும் கேட்கலாம். 1954க்கும் 1965க்கும் இடையில் 17 மாநிலங்களில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்று மதிப்பிடப்படுகிறது.

பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வேகமாக ஓடும் கால்கள் தேவைப்பட்டன. அந்தக் கால்களை வளர்த்தெடுத்த மனிதர்கள் தேவைப்படவில்லை.

எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவும் இல்லை. வட கரோலினாவின் ஹைட் கவுண்டியில், தங்கள் இரண்டு பள்ளிகளை மூடக் கூடாது என்று கறுப்பினக் குடும்பங்கள் 1968–69 கல்வியாண்டு முழுவதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் போராடி வென்றன. அவர்கள் பிரிவினையைக் கேட்கவில்லை. இணைப்பின் விலையை நாங்கள் மட்டுமே ஏன் கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

ஒடெசாவில் ஒரு முழங்கால்

மேற்கு டெக்சஸின் எண்ணெய் நகரம் ஒடெசா. அங்கே பிரவுன் தீர்ப்பு வந்து சேர 28 ஆண்டுகள் ஆயின. கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் நிறைந்திருந்த எக்டர் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதே 1982இல் 56 லட்சம் டாலர் செலவில் பள்ளிக் கால்பந்துக்கான புதிய ஸ்டேடியம் திறக்கப்பட்டது. மூடிய பள்ளியின் பிள்ளைகளை மற்றப் பள்ளிகளுக்குப் பிரித்தபோது, எல்லைக்கோடுகள் பெர்மியன் பள்ளி அணிக்கு நல்ல கறுப்பின ஆட்டக்காரர்கள் கிடைக்கும் வகையில் போடப்பட்டதாக எழுதுகிறார் எச். ஜி. பிஸிங்கர். 1988 பருவம் முழுவதும் அந்த அணியோடு இருந்து அவர் எழுதிய ‘ஃபிரைடே நைட் லைட்ஸ்’ 1990இல் வந்தது.

அந்த நூலின் நடுவில் நிற்பவர் பூபி மைல்ஸ். வயது 18. அவரை வளர்த்த உறவினர் படித்த கறுப்பினப் பள்ளியில் கால்பந்து அணியே இருந்ததில்லை. தனக்குக் கிடைக்காத ஆட்டத்தை அவர் இந்தப் பிள்ளைக்குச் சிறுவயதிலிருந்து சொல்லிக்கொடுத்தார். பருவம் தொடங்கும் முன் நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்தில் பூபியின் முழங்கால் போனது. வேறொருவர் அவர் இடத்துக்கு வந்தார். நேற்றுவரை அவரைக் கொண்டாடிய ஊரில், கால் ஒடிந்த குதிரையை என்ன செய்வார்களோ அதைச் செய்துவிடலாம் என்று நகைச்சுவை பேசியவர்கள் இருந்தார்கள். இதையும் பிஸிங்கர் பதிவுசெய்திருக்கிறார்.

பாடத்தில் தேறாத மாணவர் விளையாடக் கூடாது என்று 1984இல் டெக்சஸ் சட்டம் இயற்றியிருந்தது. சட்டத்தின் நோக்கம் சரி. ஆனால் அந்தப் பிள்ளைக்கு எழுத்தையும் கணக்கையும் பொறுப்போடு சொல்லிக்கொடுக்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. ஆடும் அளவுக்குத் தேறினால் போதும். முழங்கால் போனபின் கையில் என்ன மிச்சம் என்று எவரும் கேட்கவில்லை.

மாணவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஆண்டுதோறும் சுமார் 10 லட்சம் பேர் இந்த ஆட்டம் ஆடுகிறார்கள். தொழில்முறைக் கழகத்தில் 32 அணிகள், அணிக்கு 53 பேர். மொத்தம் 1,696 இடங்கள். விளையாட்டு வறுமையிலிருந்து மீட்கும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

கிரிஸ்டல் சிட்டி மாணவர்கள்

தோல்விக் கதையாகவே முடிக்க எனக்கு விருப்பம் இல்லை. தெற்கு டெக்சஸில் கிரிஸ்டல் சிட்டி என்ற சிற்றூர். கீரை விளையும் ஊர். மக்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளி விவசாயக் கூலிகள். பள்ளி மாணவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் அவர்கள் பிள்ளைகள். ஆனால் கால்பந்துப் போட்டிகளில் அணியை உற்சாகப்படுத்தும் சியர்லீடர் இடங்கள் நான்கில் அவர்களுக்கு ஒன்றுதான். ஆண்டு விழா ஆட்டத்தின் அரசியாகத் தேர்வாக, பெற்றோரில் ஒருவராவது அதே பள்ளியில் படித்து முடித்திருக்க வேண்டும் என்று பழைய மாணவர் சங்கம் விதி வைத்தது. பயிர்வேலைக்கு ஊர் ஊராகப் போன குடும்பத்தில் அப்படிப்பட்ட பெற்றோர் எங்கிருந்து வருவார்கள்? சாதிப் பெயரைச் சொல்லாமலே சாதியைக் காக்கும் விதிகளை நாமும் பார்த்திருக்கிறோம்.

செவெரிட்டா லாரா போன்ற மாணவிகள் முன்நிற்க, 1969 டிசம்பரில் மாணவர்கள் பள்ளியைவிட்டு வெளியேறினார்கள். கோரிக்கை சியர்லீடர் தேர்வோடு நிற்கவில்லை. தங்கள் மொழி, தங்கள் வரலாறு, தங்கள் இனத்து ஆசிரியர்கள் என்று விரிந்தது. 1970 ஜனவரியில் வாரியம் இறங்கிவந்தது. அதே மாதம் ‘லா ராசா உனிடா’ கட்சி பிறந்தது. ஏப்ரல் தேர்தலில் பள்ளி வாரியமே அவர்கள் கைக்கு வந்தது. மைதானத்து ஓரத்தில் கேட்ட ஒரு சிறு கேள்வி, நாற்காலியைப் பிடிப்பதில் போய் முடிந்தது.

நம் பக்கம்

நம் வரலாற்றில் பல்வங்கர் பாலு இருக்கிறார். சமார் சமூகத்தில் பிறந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவின் தலைசிறந்த பந்துவீச்சாளர்களில் ஒருவரானவர். மைதானத்தில் அவர் கையிலிருந்து பந்தை வாங்கியவர்கள், ஆட்ட இடைவேளையில் அவருக்குத் தனிக் குவளையில், வெளியே வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். இந்துக்கள் அணியின் தலைமை கடைசிவரை அவருக்கு வரவில்லை. அவர் தம்பி விட்டல் 1923இல்தான் அந்த இடத்தை அடைந்தார்.

இன்று நம்முன் ஒரு கேள்வி நிற்கிறது. ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. இவற்றைப் பள்ளிக் கல்வித்துறையோடு இணைப்பதாகத் தமிழ்நாடு அரசு 2023–24 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. ‘சேரிப் பள்ளி’ என்ற முத்திரை ஒழியட்டும் என்கிறார்கள் நம்மில் சிலர். இருப்பதும் பறிபோகும் என்கிறார்கள் சிலர். இரண்டு அச்சத்திலும் உண்மை இருக்கிறது. பிரிவினையை நான் ஆதரிக்கவில்லை; தனிப்பள்ளி நம் கனவும் அல்ல. ஆனால் டெக்சஸைப் படித்தவன் என்ற முறையில், எந்த இணைப்புக்கும் முன்னால் நான்கு கேள்விகள் கேட்கச் சொல்வேன். மூடப்படும் கட்டடம் யாருடையது? தலைமை ஆசிரியர் நாற்காலியில் யார்? பள்ளி மேலாண்மைக் குழுவில் சேரிக்கு எத்தனை இடம்? புதிய பள்ளிக்கு எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெரு வழியாக நடந்து போக வேண்டும்?

மாணவ நண்பர்களிடம் ஒரு வேலையும் கேட்கிறேன். மூடப்பட்ட பள்ளிகளின் நினைவுகளைக் கறுப்பினப் பயிற்சியாளர்களே சங்கம் அமைத்துச் சேகரித்தார்கள். அதனால்தான் இன்று என்னால் இவ்வளவு பேச முடிகிறது. உங்கள் ஊர் ஆதிதிராவிடர் பள்ளிக்குப் போங்கள். பழைய வருகைப் பதிவேடு, புகைப்படம், அலமாரியில் தூசி படிந்த கோப்பை எது இருந்தாலும் பதிவுசெய்யுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடமும் பி.டி. வாத்தியார்களிடமும் பேசுங்கள். நாளை இணைத்தாலும் இணைக்காவிட்டாலும் அந்தக் கோப்பைகள் குப்பைக்குப் போகக் கூடாது.

அணியில் சேர்த்துக்கொண்டோமே என்று சொல்கிறவர்களிடம் நாம் நன்றி சொல்லி நின்றுவிட வேண்டாம். விசில் யார் கையில் என்று கேட்போம். கோப்பை எந்தத் தெருவரை வரும் என்று கேட்போம்.