இரண்டேமுக்கால் மில்லிமீட்டர்

ஆட்டையாம்பட்டின்னா எல்லாருக்கும் கைமுறுக்குதான் ஞாபகம் வரும். ஊருக்குள்ள ரயில் கிடையாது. பக்கத்துல வீரபாண்டி ரோடு ஸ்டேஷன் வழியா சேலம் - ஈரோடு வண்டிங்க போகும். அந்தப் பாதையில ஓடின டீசல் எஞ்சினைக் குட்டியா செஞ்சு பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. பொட்டி தட்டி சம்பாதிக்கிறதுல ஒரு பங்கு அதுக்குத்தான் போகுது :-)

மாடல் ரயில்ல உலகம் பூரா அதிகமாப் புழங்குற அளவு ஹெச்.ஓ. நிஜத்துல 87ல ஒரு பங்கு, அதாவது ஒரு அடிக்கு 3.5 மி.மீ. கடையில கிடைக்கிற தண்டவாளத்தோட அகலம் 16.5 மி.மீ. நம்ம டபிள்யூ.டி.எம்-2 எஞ்சின் 17.12 மீட்டர் நீளம். இந்த அளவுல 20 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைச்சலா வரும். நீளம், உயரம், ஜன்னல் எல்லாம் கணக்கா செஞ்சு தண்டவாளத்துல வெச்சேன். எங்க அப்பாரு ஒரே பார்வைதான் பார்த்தாரு.

"ஏங்கண்ணு, வண்டி பெருசா இருக்குது, தண்டவாளம் மட்டும் ஏன் சின்னதாக் கிடக்குது? மீட்டர் கேஜா?"

அந்தக் காலத்துல சேலம் - விருத்தாசலம் மீட்டர் கேஜ்ல போய்வந்த மனுசன். அவர் கண்ணை ஏமாத்த முடியுமா?

இதுக்குக் காரணம் தேடினா 1850க்குப் போகணும். இங்கிலாந்துல ஸ்டீபன்சன் பாதை 4 அடி 8½ அங்குலம், புரூனல் பாதை 7 அடி. ரெண்டும் சந்திக்கிற இடத்துல சரக்கை இறக்கி ஏத்தியே நொந்துட்டாங்க. 1846ல சட்டம் போட்டு ஸ்டீபன்சன் அளவைப் பொதுவாக்கினாங்க. அந்தச் சண்டை நடந்தப்போ வணிக வாரியத் தலைவரா இருந்தவர் டல்ஹவுசி. அதே ஆள் இங்க கவர்னர் ஜெனரலா வந்ததும், இந்தியா பூரா ஒரே அளவு, அதுவும் நல்ல அகலமா இருக்கணும்னு வாதாடினாரு. எஞ்சினுக்கு இடம் கிடைக்கும், வண்டி ஆடாம நிக்கும்ங்கிறது அகலப்பாதைக்காரங்க நியாயம். அவர் கேட்டது 6 அடி, கடைசியில முடிவானது 5 அடி 6 அங்குலம்.

அந்த அளவுலதான் 1853ல பம்பாய் - தானே வண்டி ஓடுச்சு. 1856ல ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் வந்த மெட்ராஸ் ரயில்வே, 1861ல சேலத்தைத் தொட்டுது. அடுத்த வருசமே பேப்பூர் கடற்கரை வரைக்கும் பாதை சேர்ந்துடுச்சு. நம்மூர்ப் பக்கம் போற தண்டவாளத்துல இன்னைக்கும் அதே 1676 மி.மீ.தான்.

மாடல் தண்டவாளத்தோட கதை வேற. 1922ல ஜெர்மனியோட பிங் கம்பெனி சாப்பாட்டு மேஜை மேல ஓட்டுற ரயிலை விட்டுச்சு. அப்போ வீட்டுல ஓடின ஓ கேஜோட அகலம் 32 மி.மீ.; ஏறக்குறைய அதுல பாதிதான் இந்த 16.5. ஹெச்.ஓ.ல பெருக்கிப் பார்த்தா ஸ்டீபன்சனோட 4 அடி 8½ அங்குலம் கரெக்டா வரும். பிரிட்டிஷ் எஞ்சினோ உருவத்துல சின்னது, உள்ள மோட்டார் அடங்கல. அதனால உடம்பை மட்டும் அடிக்கு 4 மி.மீ.ன்னு பெருசாக்கி, தண்டவாளத்தை அப்படியே விட்டாங்க. 1938ல வந்த ஹார்ன்பி டப்ளோவும் இதே கூத்துதான். பின்னால அங்க சில பிடிவாதக்காரங்க 18.83 மி.மீ. தண்டவாளத்தைத் தாங்களே செஞ்சு அதைச் சரி பண்ணினாங்க.

நம்ம 5½ அடியை 3.5ஆல பெருக்குங்க: 19.25. கடைச்சரக்கை விட 2.75 மி.மீ. அதிகம். ஸ்டீபன்சனுக்கும் டல்ஹவுசிக்கும் நடுவுல இருக்கிற அந்த 9½ அங்குலம்தான் இப்ப என் மேஜை மேல நிக்குது!

இதுல ஒரு வேடிக்கை. செலவைக் குறைக்க மேயோ பிரபு 1870ல கொண்டுவந்த மீட்டர் கேஜ், ஹெச்.ஓ.ல 11.5 மி.மீ. கடையில கிடைக்கிற 12 மி.மீ. தண்டவாளம் கிட்டத்தட்ட பொருந்திடும். ஆனா நிஜத்துல அந்தப் பாதைங்கதான் போயிடுச்சு. சென்னை பீச் - தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004ல நின்னுச்சு. தமிழ்நாட்டுல பயணிங்களுக்கு மிச்சம் நீலகிரி மலை ரயில் மட்டும்தான்.

19.25ல செய்யறது லேசு இல்லைங்க. செம்புத்தகடு ஒட்டின பலகையைச் சீவி ஸ்லீப்பர் வெட்டணும், அது மேல தண்டவாளத்தை ஈயம் வெச்சுப் பத்தணும். ஒவ்வொரு ஸ்லீப்பர்லயும் செம்பை நடுவுல கீறி விடணும், இல்லேன்னா ரெண்டு தண்டவாளமும் ஷார்ட் ஆகிடும். நீள அச்சு போட்டு சக்கரத்தை வெளிய தள்ளணும். டபிள்யூ.டி.எம்-2 போகில மூணு அச்சு, அதுவும் சம இடைவெளியில இருக்காது. நடு அச்சு பக்கவாட்டுல கொஞ்சம் நகர இடம் விடலேன்னா வளைவுல ஏறிக்கும். பாயிண்ட்ல வண்டி தடம்புரண்டா உடனே தண்டவாளத்தைத் திட்டக்கூடாது. முதல்ல ரெண்டு சக்கரத்தோட உள்பக்க இடைவெளியை வெர்னியர்ல அளங்க. பாதி நோய் அங்கதான் இருக்கும்.

நண்பர்கள் சிலர், "ஓடினாப் போதும், 16.5லயே விடு"ங்கிறாங்க. அவங்க வண்டி வீடு பூரா ஓடும், என்னோடது ஒரு அலமாரி நீளத்தைத் தாண்டாது. அதுவும் நியாயம்தான். ஆனா நம்ம ரயிலைப் பார்த்ததும் நம்ம ரயில்னு சொல்ல வைக்கிறதே அந்த அகலம்தானே? அதைச் சுருக்கிட்டு மஞ்சள் கோட்டையும் நம்பரையும் மட்டும் துல்லியமா எழுதி என்ன பண்ண? அதனால ஒரே ஒரு ஸ்டேஷன், ரெண்டு பாயிண்ட், 19.25 மி.மீ.ன்னு முடிவு பண்ணி முதல் நூறு ஸ்லீப்பரை வெட்டியாச்சு.

நீங்களா இருந்தா எதை விட்டுக்கொடுப்பீங்க, ஓட்டத்தையா அகலத்தையா? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.